சாமுவேலின் தமிழுக்காக ஜெபித்தேன்

யாங்கோனில் தொழிலாளர்களை ஆலைக்கு ஏற்றிப்போய் மாலையில் வீடு சேர்க்கும் பஸ்ஸுக்கு ‘ஃபெர்ரி’ என்று பெயர். தண்ணீருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜன்னல் கம்பி ஆடுகிற, தெருவில் ஓடுகிற பழைய பஸ்தான். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. “காலையிலே ஃபெர்ரி வந்துவிடும், கிரேஸ். நான் புறப்பட்டுவிடுவேன்” என்று என் கணவர் சாமுவேல் சொல்வார். நாங்கள் குடியிருக்கும் தாகேதாவுக்கும் நகரத்தின் நடுப்பகுதிக்கும் இடையே பசுண்டாங் ஓடை கிடக்கிறது. ஓடை என்று பேர்தான், பார்த்தால் ஆறு. அவர் தினமும் படகேறி அக்கரை போய், அங்கிருந்து வடக்கே ஷ்வேப்யிதாவில் இருக்கும் ஆயத்த ஆடை ஆலைக்குப் போகிறார் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரான நாசரேத்தில் இருக்கும் அம்மாவுக்கும் போனில் அப்படியே சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அம்மா விடியற்காலையில் முழங்காலில் நின்று, மருமகன் ஏறும் படகு கவிழாமல் இருக்க ஜெபம் செய்தாள். உண்மை தெரிந்தபோது நானும் அவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மாவிடம் திருத்திச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “இருக்கட்டும். கர்த்தர் பார்த்து அதைப் பஸ்ஸுக்கு மாற்றிக்கொள்வார்” என்றார் அவர்.

நாங்கள் கேட்பது ஒன்று, கர்த்தர் எடுத்துக்கொள்வது ஒன்று என்பதை அப்படிச் சிரித்துப் பேச முடிந்த நாட்கள் அவை. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கும், என்னைப் போல வேறு வேறு கரைகளில் போய் ஒதுங்கியவர்களுக்கும் சொல்ல ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் என் கணவருடைய தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாமுவேல் பிறந்தது யாங்கோனில். அவருடைய பூட்டனார் வெள்ளைக்காரன் காலத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக வந்தவர். எல்லா யாங்கோன் தமிழரையும் போல இவருக்கும் இரண்டு பெயர். கோவிலிலும் வீட்டிலும் சாமுவேல். பள்ளிக்கூடம், ஆலை, அரசாங்கக் காகிதம் எல்லாவற்றிலும் டுன் லின். தெருவில் ‘கோ டுன்’ என்பார்கள். ‘கோ’ என்றால் அண்ணன். அவர் படிக்கும் காலத்தில் தமிழுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவருடைய அப்பா, வீட்டிலிருந்த ஒரே தமிழ்ப் புத்தகமாகிய வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதில் விரலோட்டி எழுத்துக் கற்றுக்கொடுத்தார். அதனால் சாமுவேல் பேசும் தமிழில் பாதி வேதாகமத் தமிழ். தன் தாயாரைச் சென்னைக்கு இருதய ஆபரேஷனுக்குக் கூட்டி வந்தபோது அந்த ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். முதல் நாள் அவர் என்னிடம் வந்து, “சகோதரியே, என் தாயார் இளைப்பாறுகிறார்களா?” என்றார். நான் பக்கத்தில் நின்ற தோழியைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். “தூங்குறாங்க சார்” என்றேன். “மெய்யாகவே நன்றி” என்றார். கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அந்த ஆளுக்கு வேறு தமிழ் தெரியாது. தாயார் குணமாகி ஊர் திரும்பிய பின் அவர் எனக்கு மெசேஜ் அனுப்பத் தொடங்கினார். அடுத்த வருஷம் நாசரேத்தில் எங்கள் கல்யாணம்.

இங்கே நர்ஸாக வேலை பார்க்க எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒரு பாலர் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். வீட்டில் தமிழ், வேலையில் ஆங்கிலம். பர்மிய மொழியைச் செருப்பைப் போல வாசலோடு கழற்றி வைத்திருந்தேன். காய் வாங்க, சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற, மீதிச் சில்லறை கேட்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான். மற்றதற்கெல்லாம் அவர் இருந்தார். இங்கத்துத் தமிழர்கள் தமிழ் பேசும்போதுகூட வாக்கியக் கடைசியில் பர்மியர்களைப் போல ‘நோ’ என்று ஒன்று போடுவார்கள். ‘சரிதானே’, ‘என்ன’ என்று நாம் இழுப்போமே, அது. முதல் ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஒரு அம்மா, “வீட்டுக்குச் சாப்பிட வாங்க, நோ” என்றபோது, கூப்பிடுகிறாளா வரவேண்டாம் என்கிறாளா என்று நான் முழித்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காகச் செய்த ஜெபம் தனிக் கதை. ஆனால் சாயங்காலம் ஆனால் அவர் வேதம் வாசிப்பார், நான் கேட்பேன். எங்கள் சின்னத் தமிழ்ச் சபை தாமுவேயில் இருக்கிறது. அங்கேயும் ஞாயிறுதோறும் வாசிப்பது அவர்தான். சபையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்டால் அரைகுறையாகப் புரியும், வாயில் வராது. அந்தப் பிள்ளைகள்கூட அவர் வாசிக்கும்போது போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும். அப்படி ஒரு குரல்.

நாட்டு நிலைமை உங்களுக்குச் செய்தியில் தெரிந்திருக்கும். கரண்ட் முறை வைத்து வரும், முறை தப்பியும் போகும். வாலிபர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். சிலர் வேலைக்கு வெளிநாடு, சிலர் எங்கே என்று பெற்றவர்களுக்கே தெரியாது. கோவிலில் பெஞ்சுகள் நீண்டுகொண்டே போவது போல ஒரு தோற்றம். அப்படிப்பட்ட நாட்களில், போன மழைக்காலத்துக்கு முந்தின மழைக்காலத்தில், ஒரு மத்தியானம் எனக்குப் போன் வந்தது. ஆலையிலிருந்து யாரோ ஒரு பெண் பர்மிய மொழியில் படபடவென்று பேசினாள். ‘கோ டுன்’ என்ற பெயர் மட்டும் புரிந்தது. நான் போனைக் காதில் வைத்தபடியே சந்து முனைக்கு ஓடினேன். அங்கே டோ மியா என்ற அம்மாள் மொகிங்கா விற்பவர். மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ். இந்த ஊர்க் காலைச் சாப்பாடு. எங்கள் அடுத்த வீட்டுக்காரர், புத்த மதத்தவர், அறுபதைத் தாண்டியவர். மத்தியானத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போனை அவர் கையில் கொடுத்தேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கழுவாத பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்ஸியை நிறுத்தினார். வழியெல்லாம் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். ‘சூடு இல்லை’ என்பது போல ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. காய்ச்சல் இல்லை என்கிறார், அப்படியானால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நான் ஆறுதலடைந்தேன். ‘மனம் சூடாக வேண்டாம்’ என்றால் இந்த மொழியில் ‘கவலைப்படாதே’ என்று அர்த்தம். அதைப் பல மாதம் கழித்துத்தான் கற்றேன்.

பக்கவாதம். கட்டிலில் அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்ததைப் பார்த்ததும் நர்ஸான எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வலது கை, வலது கால், பேச்சு. நான் வேலை பார்த்த வார்டில் இப்படிப்பட்டவர்களின் மனைவிமார் எத்தனை பேருக்குத் தைரியம் சொல்லியிருப்பேன். சொன்ன ஒரு வார்த்தையும் அப்போது எனக்கு உதவவில்லை. சில நாட்கள் அவரிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு ஒரு காலை, கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “யே… யே…” என்றார். கூப்பிடுகிறார் என்று நினைத்து, “இங்கதாங்க இருக்கேன், எங்கயும் போகல” என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டி மறுபடியும் “யே” என்றார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது என்று அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் முகம் வேதனையில் சுருங்கியது. சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த டோ மியா ஒரு நொடி நின்று கேட்டார். உடனே தூக்கைக் கீழே வைத்துவிட்டு வார்டு நர்ஸைக் கூப்பிட்டு அனுமதி வாங்கி, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் வைத்தார். சாமுவேல் கண்ணை மூடிக்கொண்டு அதை உறிஞ்சினார். ‘யே’ என்றால் தண்ணீர். என் கணவர் என்னிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த சொற்கள் எல்லாமே பர்மிய மொழியில் வந்தன. சோறு, வலி, ஜன்னல், போதும். தமிழில் ஒரு சொல் இல்லை. நான் பேசுவது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது; பதிலுக்கு வாயைத் திறந்தால் டுன் லின் பேசினார், சாமுவேல் பேசவில்லை. டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: இரண்டு மொழிக்காரர்களுக்கு இப்படி நேர்வதுண்டு, ஒன்று முந்தித் திரும்பும், மற்றது பிந்தி வரலாம், வராமலும் போகலாம். நான் ‘வரலாம்’ என்பதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் ஜெபம் அன்று முதல் ஒரே வரியானது: கர்த்தாவே, அவருடைய தமிழைத் திருப்பித் தாரும். கையையும் காலையும்கூட நான் கேட்கவில்லை. உமது வேதத்தைப் படித்துத்தானே அவர் அந்தத் தமிழைக் கற்றார், அதை எடுத்துக்கொண்டு உமக்கு என்ன செய்யப் போகிறீர் என்று வழக்காடினேன். சபையாரும் சேர்ந்துகொண்டார்கள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் முழுவதும் முறை வைத்து உபவாசம் இருந்தார்கள். ஈஸ்டர் காலையில் அவரை முன்னால் கூட்டிவந்து நிறுத்தி, ஒரே ஒரு வசனம் வாசிக்கச் சொல்லலாம், கர்த்தர் வாயைத் திறப்பார் என்று சபையில் மூத்தவரான ரூத்தக்கா சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் நம்பினேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். அவர் இடது கையால் கோலை ஊன்றி மெதுவாக நடந்து போய் வாசிப்பு மேசைக்கு முன் நின்றார். புத்தகம் திறந்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. எழுத்தைத் தொட்டுப் பார்ப்பதைப் போல ஒரு விரலை வரியில் வைத்தார். நேரம் போனது. ஒன்றும் வரவில்லை. அவர் நிமிர்ந்து என்னைத் தேடிய பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பாடல் குழுவில் யாரோ அவசரமாகப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். வெளியே வரும்போது ரூத்தக்கா என் தோளைத் தொட்டு, “ஏதோ தடை இருக்குது கிரேஸ். உன் பக்கம் விசுவாசத்துல குறைச்சல் இருக்கான்னு நிதானிச்சுப் பாரு, நோ” என்றார். நல்ல மனுஷி. அவர் இருந்த உபவாசத்தில் அவருடைய கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அதனால் சண்டை போடாமல் சாமுவேலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் கோவிலுக்குப் போகவில்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். கோபம் இருந்தால் பேச்சுவார்த்தை இருக்கிறது என்று அர்த்தம். எனக்குள் ஒன்றும் இல்லை. சாயங்காலம் வேதம் வாசிக்கும் நேரத்தில் பாத்திரம் தேய்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். ஊரில் துக்க வீட்டுக்குப் போகும்போது ‘தேவ சித்தம்’ என்று நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் தலையை ஆட்டியது ஒப்புக்கொண்டதால் அல்ல, நாங்கள் எழுந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் என்று இப்போது புரிந்தது.

ஒருநாள் மத்தியானம் பாஸ்டர் வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், சாமுவேலின் பள்ளித் தோழர். கரண்ட் இல்லை. வீடு அடுப்பு மாதிரி இருந்தது. சாமுவேல் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். பாஸ்டர் ஒரு பழைய காலண்டர் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார். நானே தொடங்கினேன்.

“ஏன் பாஸ்டர் கேட்டது கிடைக்கல?”

“தெரியாது, சிஸ்டர்.”

“விசுவாசம் பத்தலையா?”

“அப்படி யார் சொன்னாலும் நம்பாதீங்க.” விசிறுவதை நிறுத்தினார். “எங்க பெரியவன் வீட்டை விட்டுப் போனது தெரியும்ல? எல்லைப் பக்கம் போனதா ஒருத்தர் சொன்னார். அதோட சரி. உயிரோட இருக்கானான்னுகூட தெரியாது. நான் தினம் கேக்கிறேன். பிரசங்கத்துக்கு முன்னாடி கேக்கிறேன், பிறகு கேக்கிறேன். பதில் இல்ல. காரணம் தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லாம இருப்பேனா?”

“அப்போ எதுக்குக் கேக்கிறீங்க?”

“கேக்காத நாள்ல அவனை நான் மட்டும் தூக்கிச் சுமக்கிற மாதிரி இருக்குது. கேட்ட நாள்ல அப்படி இல்ல. அவ்வளவுதான் சிஸ்டர், வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது” என்றார். ஜெபம் பண்ணட்டுமா என்று அவர் கேட்கவும் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தூங்குகிறவரின் காலை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். ஊரில் ஒரு போதகர் இப்படி ‘தெரியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அன்று அது எனக்கு ஆறுதல் தந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் போன பிறகு கதவைச் சாத்தாமல் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து, நாசரேத்தில் அம்மாவைப் பார்க்க வந்திருந்த என் தம்பி போன் செய்தான். இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிடுகிறேன், பாளையங்கோட்டையில் நல்ல டாக்டர் இருக்கிறார், அம்மாவும் தனியாக இருக்கிறாள், அந்த நாட்டில் இன்னும் எதற்கு இருக்கிறீர்கள் என்றான். அம்மா போனை வாங்கி, “வந்துருட்டி. இங்க நாலு பேரு தமிழ் பேசுதத காதுல கேட்டா மாப்பிள்ளைக்குத் தானா வந்துரும்” என்றாள். எனக்கும் அது சரி என்று பட்டது. இங்கிருந்து போகிறவர்கள் எல்லோரும் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சாமுவேல் முன்னால் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். “நாம ஊருக்குப் போகலாமா? நாசரேத்துக்கு. அம்மா வீட்டுக்கு.” அவர் என்னைப் பார்த்து, “ப்யான்” என்றார்.

இந்தச் சொல் எனக்குத் தெரியும். காய்கறிக்காரியும் டோ மியாவும் என் பர்மிய மொழி புரியாதபோது ‘ப்யான் ப்யோ’, மறுபடி சொல் என்பார்கள். ஆகவே மறுபடி சொன்னேன். “ஊருக்குப் போகலாமான்னு கேட்டேன்.” அவர் “ப்யான்” என்றார். இன்னும் சத்தமாக, இன்னும் மெதுவாகச் சொன்னேன். மறுபடியும் “ப்யான்.” எனக்கு அலுப்பும் எரிச்சலும் வந்துவிட்டது. “எத்தன தடவ சொல்றது? காதும் போச்சா?” என்று கத்திவிட்டேன். அவர் இடது கையை உயர்த்தி என் நெஞ்சைச் சுட்டினார். பிறகு அலமாரிக்கு மேல் இருந்த என் கல்யாணப் பெட்டியைச் சுட்டினார். பிறகு தன்னைச் சுட்டி, தரையைச் சுட்டி, உள்ளங்கையைத் தரையின் பக்கமாக அழுத்திக் காட்டினார். ‘ப்யான்’ என்றால் திரும்பிப் போ என்றும் அர்த்தம். நீ போ, நான் இங்கே இருக்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான் கத்தக் கத்த, பொறுமையாக, போ, போ, போ என்று.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்குத் தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. நாசரேத்தில் ‘யே’ என்று தண்ணீர் கேட்டால் புரிந்துகொண்டு கொடுக்க ஆளிருக்காது என்று தெரிந்திருக்கிறது. இங்கே எனக்குப் பேச்சுத் துணை இல்லை என்பதும், நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன் என்பதும் தெரிந்திருக்கிறது. தன்னால் செய்ய முடிகிற ஒன்றை, என்னை அனுப்பி வைப்பதை, ஒரே சொல்லில் செய்யப் பார்த்தார். அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்று நான் ஜெபித்தேன். அவருடைய தமிழை நான் கேட்கவில்லை. ‘இந்த மனுஷனைத் தனியாக விட்டுவிடாமல் இருக்க எனக்குப் பெலன் தாரும்’ என்றேன். அது நிறைவேறியதா என்று கேட்டால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்வேன். சில நாள் நிறைவேறுவதில்லை.

மறுநாள் காலை டோ மியாவின் கடைக்குப் போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கைஜாடையில் கேட்டேன். அவர் ஒரு கிண்ணம் மொகிங்காவை என் முன்னால் வைத்து, அதிலிருந்தே தொடங்கினார்: மீன், வாழைத்தண்டு, எலுமிச்சை, சூடு. பிறகு கால், கை, முதுகு, வலி. பிறகு சலிப்பு, பயம், தூக்கம். பாலர் பள்ளிக்குப் போகும் முன் தினமும் அங்கே உட்கார்ந்தேன். நான் தவறாகச் சொல்லும்போது கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். டோ மியா கரண்டியை ஆட்டி அவர்களை அடக்குவார். ஒருநாள் அவர், என் கணவர் குணமாக வேண்டும் என்று புத்தர் கோவிலில் பூ வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். உன் கடவுள் கோபித்துக்கொள்வாரா, மா கரே, என்று தயங்கிக் கேட்டார். என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். எனக்கு அப்போது தெரிந்த பர்மிய மொழியில் இதற்கு வேதசாஸ்திரமாகப் பதில் சொல்ல வழியில்லை. “கோபம் இல்லை. நன்றி” என்றேன். வழியிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

வீட்டிலும் மெல்ல மெல்ல ஏதோ இளகியது. சாமுவேல் சொல்லும் மூன்று சொல்லில் இரண்டு எனக்குப் பிடிபட்டது. பதினான்கு வருஷம் குடித்தனம் நடத்திய பிறகு அவர் பர்மிய மொழியில் ஜோக் அடிப்பவர் என்பது எனக்குத் தெரியவந்தது. தமிழில் அவர் அடித்த ஜோக்கை விரல் விட்டு எண்ணிவிடலாம்; வேதாகமத் தமிழில் எப்படி அடிப்பது? பக்கத்து வீட்டுச் சேவலைப் பற்றி அவர் ஏதோ சொல்ல, டோ மியா சிரித்து மூச்சு முட்டியதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நான் அறியாத ஒரு ஆள் இத்தனை வருஷமும் என் வீட்டில் இருந்திருக்கிறான். சாமுவேலுக்காக நான் இன்னும் துக்கப்படுகிறேன். அந்தக் குரலில் அந்த வாசிப்பை இனிக் கேட்க மாட்டேன் என்பது ஆறிவிடுகிற புண் அல்ல. ஆனால் கோ டுன் எனக்குப் புதிது.

போன அறுப்பின் பண்டிகைக்குக் கோவிலுக்குப் போனோம். அவர்தான் போகலாம் என்றார். வாசலில் ரூத்தக்கா என்னைக் கண்டதும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். காணிக்கை முடிந்ததும் பாஸ்டர், “யாராவது ஜெபிக்கலாம்” என்று பொதுவாகச் சொன்னார். எங்கள் பெஞ்சில் கோல் தரையில் உரசும் சத்தம் கேட்டது. சாமுவேல் எழுந்து நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஈஸ்டர் காலை இன்னும் ஒருமுறை நடப்பதைப் பார்க்க என்னால் முடியாது. அவர் உட்காரவில்லை. கண்ணை மூடி, எங்கள் தமிழ்ச் சபையில், பர்மிய மொழியில் ஜெபித்தார்.

திக்கித் திக்கித்தான் வந்தது. முதியவர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். இடையில் விட்டுப் போனவை உண்டு. “ஆண்டவரே, நான் தேடினேன். உள்ளே போய்த் தேடினேன். அப்பா கொடுத்த சொற்கள் இல்லை. நீரும் இல்லையோ என்று பயந்தேன். நான் உம்மேல் கோபமாக இருக்கிறேன். கோபமாக இருந்தாலும் வந்திருக்கிறேன். என் மனைவி தனியாக இருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளும். பாஸ்டருடைய பையனைப் பார்த்துக்கொள்ளும். போனவர்களைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.” பெஞ்சுகளின் கடைசியிலிருந்து இளம் பிள்ளைகள்தான் முதலில் ஆமென் சொன்னார்கள். இத்தனை வருஷமும் அந்தச் சபையில் ஒரு ஜெபம் முழுதாக அவர்களுக்குப் புரிந்தது அன்றுதானோ என்னவோ. பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்ல எழுந்தவர், மேசையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகனைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை. சாமுவேலுக்குத் தமிழ் வரவில்லை. நாங்கள் கேட்டவற்றில் எதுவும் நடக்கவில்லை என்று கணக்குப் பார்க்கிறவர்கள் சொல்லலாம். எனக்கு மறுக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அன்று அந்தக் கட்டடத்தில் நாங்கள் தனியாக இல்லை.

நாங்கள் இங்கேயே இருக்கிறோம். நிலைமை இன்னும் மோசமானால் என்ன செய்வோம் என்று தெரியாது. தம்பிக்கு என்மேல் வருத்தம். அம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவளுக்கு ஒன்று என்றால் உடனே ஓடிப்போக முடியாத இடத்தில் நான் இருக்கிறேன் என்பது ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் நெஞ்சில் இடிக்கும். நெட் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் சாயங்காலம் அவளோடு வீடியோவில் பேசுவோம். போன வாரமும் பேசினோம். அம்மா எங்களுக்காக ஜெபித்தாள். ஊர் ஜெபம், மழைக்கும் விளைச்சலுக்கும் மன்றாடிவிட்டுத்தான் மருமகனிடம் வரும். சாமுவேல் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நிமிர்ந்து, திரையில் தெரிந்த அம்மாவிடம் பர்மிய மொழியில் இரண்டு வாக்கியம் சொன்னார். அத்தையுடைய குரல் தளர்ந்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடச் சொல் என்றார்.

அம்மா போனைக் காதுக்குக் கிட்டே கொண்டுபோனாள். திரை முழுக்க அவளுடைய நரைத்த முடியும் ஒரு கம்மலும்தான் தெரிந்தது. “மாப்பிள்ளை என்னட்டி சொல்லுதாவ?” என்றாள்.

நான் சொன்னேன். குரல் தளர்ந்திருக்காம், நல்லா சாப்பிடணுமாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“ஏட்டி,” என்றாள் மெதுவாக, “நீயும் அவிய பாஷையிலதான சொல்லுத. எனக்கு ஒண்ணும் விளங்கலயே.”